மலை அல்ட்ராவில் ஜோடியாக ஓடுகிறீர்களா? ஏற்றத்தில் மெதுவானவர் முன்னால்

கணவன் மனைவி சேர்ந்து மலை அல்ட்ரா மாரத்தான் (42 கி.மீ.க்கும் அதிகமான மலைப்பாதை ஓட்டம்) ஓடினால், ஏற்றத்தில் மெதுவாக ஏறுபவரை முன்னால் விடுங்கள். கூடுதல் தண்ணீரும் தின்பண்டமும் வேகமானவர் பையில் போகட்டும். 1 லிட்டர் தண்ணீர் என்றால் 1 கிலோ. அது கைமாறினாலே இருவர் வேகமும் கொஞ்சம் நெருங்கி வரும்.

வேகமானவர் முன்னால் போனால் என்ன ஆகும்? வளைவுக்கு வளைவு நின்று காத்திருப்பார், வியர்வை ஆறி உடம்பு நடுங்கும். பின்னால் வருபவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், காத்திருந்தவர் "சரி, போலாமா?" என்று கிளம்பிவிடுவார். ஓய்வு எடுத்தது யார் என்று பாருங்கள்! பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது. மெதுவானவர் முன்னால் இருந்தால் நிற்கவே வேண்டியதில்லை. ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேச முடிகிற வேகத்தில் அவர் ஏறினால் போதும்.

இறக்கத்துக்கு இது பொருந்தாது. அங்கே கல்லிலும் சேற்றிலும் கால் பார்த்து வைக்கத் தெரிந்தவர் முன்னால் போவதே நல்லது. மழைச்சட்டை, தலைவிளக்கு, விசில், போன் ஆகியவற்றையும் கைமாற்றாதீர்கள். கட்டாயப் பொருள்களை அவரவரே சுமக்க வேண்டும் என்பது பல போட்டிகளில் விதி, பிரிய நேர்ந்தாலும் அவைதான் துணை. வேக வித்தியாசம் மிக அதிகமாகி, கட்-ஆஃப் நேரம் (அதற்குள் வந்து சேராவிட்டால் போட்டியிலிருந்து நீக்கப்படும் கெடு) நெருக்கினால் தனித்தனியாக ஓடுங்கள். அதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள், மலையில் வைத்து வேண்டாம்.