பழைய ஹைலக்ஸ் பிக்கப்: தாழ்ந்துபோன முன்பக்கத்தை நீங்களே உயர்த்துவது எப்படி?

பல ஆண்டுகள் ஓடிய பிக்கப் வண்டியின் முன்பக்கம் தாழ்ந்து, மூக்கு தரையைப் பார்த்தபடி நின்றால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறவர்களே அதிகம். டார்ஷன் பார் (ஸ்பிரிங்காக வேலை செய்யும், முறுக்கிக்கொள்ளும் எஃகுத் தண்டு) பொருத்திய பழைய டொயோட்டா ஹைலக்ஸில் இதைச் சரிசெய்வதற்கென்றே இடம், வலம் இரண்டு பக்கமும் ஒவ்வொரு போல்ட்டைத் தயாரிப்பாளரே வைத்திருக்கிறார். பொறுமையும் ஓர் அரை நாளும் இருந்தால் புதியவர்களும் செய்துவிடலாம். ஆனால் அந்த போல்ட்டைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது: அதை இறுக்கினால் ஸ்பிரிங் பலமாகும், அதிக பாரம் தாங்கும் என்று. அது உண்மையல்ல. போல்ட் மாற்றுவது உயரத்தை மட்டுமே.

உங்கள் வண்டியில் டார்ஷன் பார் இருக்கிறதா?

முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். சேசிஸ் சட்டத்தை ஒட்டி, வண்டியின் நீளவாக்கில், கட்டைவிரலைவிடத் தடித்த ஓர் எஃகுத் தண்டு போகிறதென்றால் அதுதான் டார்ஷன் பார். 2004இல் வந்த ஏழாம் தலைமுறை ஹைலக்ஸில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறிவிட்டது. அதற்கு முந்தைய வண்டிகளில் பலவற்றில் இந்தத் தண்டு உண்டு. முன்பக்கமும் லீஃப் ஸ்பிரிங் பட்டைகளில் நிற்கும் பழைய நான்குசக்கர இயக்க ஹைலக்ஸ்களும் இருக்கின்றன. அவற்றுக்கு இந்தச் செய்முறை பொருந்தாது. முதல் தலைமுறை இசுசு டி-மேக்ஸ், பழைய மிட்சுபிஷி எல்200 போன்றவற்றிலும் தத்துவம் இதுவே. போல்ட் இருக்கும் இடமும் அமைப்பும்தான் மாறும். சுருள் ஸ்பிரிங் வண்டி என்றால் இங்கேயே நிறுத்திவிடுங்கள். அழுத்தி வைத்த சுருளைக் கழற்றுவது புதியவர் கைவைக்கிற வேலையல்ல.

தண்டின் முன்முனை சக்கரத்தைத் தாங்கும் கையோடு பிணைந்திருக்கும். ஹைலக்ஸில் அது மேல்கை, சில வண்டிகளில் கீழ்க்கை. பின்முனை ஒரு குட்டையான நெம்புகோலுக்குள் செருகப்பட்டிருக்கும். சக்கரம் மேடேறும்போது தண்டு, ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொள்கிறது. விடுபடும்போது சக்கரத்தைத் திரும்பத் தள்ளுகிறது. பின்னால் இருக்கும் நெம்புகோலைப் பிடித்திருப்பதுதான் நாம் தேடும் சரிசெய்யும் போல்ட். அதை இறுக்கினால் நெம்புகோல் சற்றுத் திரும்பும், தண்டின் தொடக்க முறுக்கு கூடும், வண்டி எழும்பும். தண்டின் தடிமனோ நீளமோ மாறவில்லை. அதனால் அதன் விறைப்பும் மாறவில்லை.

முதல் நாள் மாலை

போல்ட்டின் மரைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சேற்றையும் துருவையும் அகற்றுங்கள். துரு இளக்கும் எண்ணெயைத் தாராளமாகத் தெளித்து இரவு முழுக்க ஊறவிடுங்கள். கடலோர ஊர்களில் ஓடிய வண்டி என்றால் இரண்டு இரவுகள் ஊறட்டும். ஒரு சிறு எச்சரிக்கை: தண்டின் மேற்பரப்பில் பைப் ரெஞ்சு போட்டுப் பிடிக்காதீர்கள், சுத்தியலால் தட்டாதீர்கள். அதன் பெயின்ட்டில் விழும் கீறலில் துரு பிடித்து, அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும்.

அளவெடுப்பதில்தான் பாதி வேலை

வண்டியில் சுமை எதுவும் இருக்கக் கூடாது. நான்கு டயர்களிலும் காற்றைக் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி நிரப்புங்கள். சமதளத்தில் நிறுத்தி, முன்பம்பரை நாலைந்து முறை அமுக்கி விடுங்கள். பிறகு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர்மேலே மட்கார்டின் விளிம்பு வரை டேப் வைத்து, நான்கு சக்கரங்களுக்கும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் கணக்கில் நுழைந்து ஏமாற்றும்.

எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதற்கு உங்கள் மாடலின் பழுதுபார்ப்புக் கையேடுதான் சரியான வழிகாட்டி. அது கிடைக்காவிட்டால், கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பின் முன்முனையும் பின்முனையும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். காலி பிக்கப்பில் பின்பக்கம் சற்றுத் தூக்கலாக இருப்பதே முறை. சுமை ஏற்றியதும் பின்பக்கம் இறங்கி மட்டமாகும். காலியாக இருக்கும்போதே முன்னும் பின்னும் மட்டமாக்கினால், மூட்டை ஏற்றிய பிறகு ஹெட்லைட் எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும்.

ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருக்கிறதா? உடனே அந்தப் பக்கத்து போல்ட்டுக்குப் போகாதீர்கள். பின்பக்க லீஃப் பட்டை ஒன்று உடைந்தாலோ தளர்ந்தாலோ, அதன் சாய்வு முன்பக்கத்திலும் தெரியும். மேல்கை புஷ் (கை சட்டத்தோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர் உருளை), பால் ஜாயின்ட் (கையும் சக்கரப் பகுதியும் சேரும் குண்டு மூட்டு) ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தேய்ந்த புஷ்ஷை வைத்துக்கொண்டு உயரத்தைச் சரிசெய்வது வீண் வேலை.

தூக்குவது

பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியைச் சேசிஸ் சட்டத்தில் கொடுத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கீழ்க்கைக்கு அடியில் ஜாக்கி வைத்தால் சக்கரம் தொங்காது. தொங்கினால்தான் தண்டின் மீதுள்ள சுமை குறையும், மரையும் கெடாது. வண்டியைத் தரையில் நிறுத்தியபடியே நெடிய குழாய் மாட்டித் திருகும் வீரர்கள் உண்டு. அவர்கள் போல்ட்டுகள் வெகு சீக்கிரம் மரை போய்விடும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைய வேண்டாம்.

சக்கரம் தொங்கினாலும் தண்டில் முறுக்கு மிச்சமிருக்கும். அதனால் போல்ட்டை முழுவதுமாகக் கழற்றவே கூடாது. நெம்புகோலுக்கு நேர்கீழே முகத்தை வைத்துக்கொண்டு வேலை செய்யவும் கூடாது.

திருகுவது

நட்டுக்கு வெளியே எவ்வளவு மரை நீண்டிருக்கிறது என்பதை இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். பெயின்ட்டால் ஒரு கோடும் போட்டுவிடுங்கள். எதுவானாலும் பழைய நிலைக்குத் திரும்ப இதுவே வழி. மரைகளில் கொஞ்சம் கிரீஸ் தடவி, பூட்டு நட்டை (சரிசெய்யும் நட்டு நழுவாமல் பிடித்திருக்கும் இரண்டாவது நட்டு) தளர்த்துங்கள். சரிசெய்யும் நட்டை இறுக்கும் திசையில் இரண்டு முழுச் சுற்று திருப்புங்கள். மறுபக்கமும் அப்படியே.

இப்போது வண்டியை இறக்கி, சில மீட்டர் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். இதைத்தான் புதியவர்கள் தவறாமல் விட்டுவிடுகிறார்கள். தொங்கிய சக்கரம் தரையைத் தொடும்போது டயர் உள்ளுக்கு இழுத்த நிலையில் பிடித்துக்கொள்ளும். வண்டி உருளாமல் அது விரியாது. அப்படியே அளந்தால் உயரம் கூடுதலாகக் காட்டும். உருட்டி, பம்பரை அமுக்கி, பிறகு அளங்கள். இரண்டு சுற்றுக்கு எத்தனை மில்லிமீட்டர் ஏறியது என்று தெரிந்துவிட்டால், மீதிக்கு எத்தனை சுற்று என்பது எளிய வகுத்தல். ஒரு பக்கத்தை ஏற்றினால் மறுபக்கமும் சிறிது நகரும் என்பதால், இடமும் வலமும் மாறி மாறிச் சிறிது சிறிதாகப் போங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்து மில்லிமீட்டருக்குள் வந்தால் போதும்.

எங்கே நிறுத்துவது?

சக்கரம் மேலேறவும் கீழிறங்கவும் உள்ள மொத்தத் தூரம் மாறுவதில்லை. வண்டியை உயர்த்தினால் மேலேறும் இடம் கூடும், கீழிறங்கும் இடம் அதே அளவு குறையும். அளவுக்கு மீறினால் ஒவ்வொரு குழியிலும் மேல்கை, தடுப்பு ரப்பரில் போய் ‘டக்’ என்று மோதும். அந்தக் குலுக்கலைத்தான் சிலர் ‘ஸ்பிரிங் விறைப்பாகிவிட்டது’ என்று பெருமையோடு சொல்கிறார்கள். வண்டி சமதளத்தில் நிற்கும்போதே அந்த ரப்பருக்கும் கைக்கும் நடுவே விரல் நுழையவில்லை என்றால் தாண்டிவிட்டீர்கள், இறக்குங்கள். நான்குசக்கர இயக்க வண்டியில் இன்னொரு சேதமும் உண்டு: முன் ஆக்ஸிலின் மூட்டுகள் செங்குத்தான கோணத்தில் சுழன்று, அவற்றின் ரப்பர் உறைகள் சீக்கிரம் கிழியும்.

தொய்ந்ததைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்குத்தான் இந்த போல்ட். பெரிய டயர் மாட்டுவதற்காக வண்டியைத் தூக்கும் வழியாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். போல்ட்டின் மரை தீர்ந்தும் உயரம் வரவில்லை என்றால், தண்டை அதன் முனையிலுள்ள பற்களில் ஒரு பல் தள்ளிப் பொருத்த வேண்டியிருக்கும், அல்லது தண்டையே மாற்ற வேண்டியிருக்கும். அது பட்டறைக்கான வேலை. இடது தண்டும் வலது தண்டும் வேறு வேறு, முனையில் அடையாளம் பொறித்திருக்கும். மாற்றிப் போடுகிறாரா என்று ஒரு கண் வைத்திருங்கள்.

முடித்த பிறகு

பூட்டு நட்டை இறுக்குங்கள், வெளியே தெரியும் மரைக்குக் கிரீஸ் பூசுங்கள். உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் (கேம்பர்: மேல்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ சரிவது), நோக்கும் (டோ: முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது) மாறும். அப்படியே ஓட்டினால் டயரின் ஓரம் தேய்ந்துவிடும். ஆகவே நேராக வீல் அலைன்மென்ட்டுக்குப் போங்கள். உயரத்தைக் கூட்டியிருக்கிறேன், சாய்வையும் பாருங்கள் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பல கடைகளில் நோக்கை மட்டும் சரிபார்த்து அனுப்பிவிடுவார்கள். ஹெட்லைட்டையும் ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தித் தாழ்த்திக்கொள்ளுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி அளந்து பாருங்கள். சில மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் ஒரு கால் சுற்று, அவ்வளவுதான்.