படர்தாமரையா இல்லையா? ஓரத்தைத் தடவிப் பாருங்கள்

இடுப்பில் நாடா இறுக்கும் இடத்தில் வட்டமாக ஒன்று வந்து அரிக்கிறது என்றால் உடனே படர்தாமரை (தோலில் வரும் பூஞ்சைத் தொற்று) என்று முடிவு கட்டி மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீர்கள். நான் அப்படித்தான் ஓடினேன், ஒரு ரூபாய் நாணயம் அளவு இருந்தது ஒரே மாதத்தில் உள்ளங்கை அளவு ஆனது.

முதல் வேலை, ஏற்கெனவே தடவும் ட்யூபைத் திருப்பிப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பு சட்டென்று அடங்கும், பூஞ்சை மட்டும் நிம்மதியாகப் பரவும், விளிம்பு மங்கிப்போய்ப் பார்த்த டாக்டருக்கே குழப்பம் வரும்.

அடுத்து, பகல் வெளிச்சத்தில் ஓரத்தைப் பாருங்கள். படர்தாமரை என்றால் நடுப்பகுதி ஆறியது போல இருக்கும், ஓரம் மட்டும் தடித்து, சிவந்து (மாநிறத் தோலில் பழுப்பாகவோ கருப்பாகவோ தெரியும்), பொடிப்பொடியாகச் செதில் உதிரும். விரல்நுனியை நடுவிலிருந்து வெளியே நகர்த்தினால் வயல் வரப்பு மாதிரி மெல்லிசாகத் தட்டுப்படும். கையைக் கழுவிவிட்டு, ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். நாலைந்து நாளில் கோட்டைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கிறது.

வரப்பு இல்லையா? வட்டம் முழுக்க ஒரே மாதிரி சொரசொரப்பு, நீர் கசிந்து பொருக்குத் தட்டினால் எக்சிமாவாக (தோல் அழற்சி) இருக்கலாம். முழங்கை, முழங்காலில் வெள்ளி நிறச் செதில் தடிமனாக இருந்தால் சொரியாசிஸ். மார்பிலும் முதுகிலும் தட்டையாக வெளிறியோ பழுப்பாகவோ, பெரிதாக அரிக்காமல் இருந்தால் தேமல்; அதுவும் பூஞ்சைதான், ஆனால் வேறு வகை.

இன்னொன்றையும் விடாதீர்கள். அரிப்பே இல்லாத வெளிறிய திட்டு, கண்ணை மூடிக்கொண்டு பஞ்சால் வருடினால் அந்த இடத்தில் மட்டும் தொட்டது தெரியவில்லை என்றால் தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும்.

இத்தனைக்குப் பிறகும் பிடிபடவில்லை என்றால் தோல் டாக்டர் ஓரத்துச் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். பூஞ்சை இழை இழையாகத் தெரியும்.

படர்தாமரைதான் என்றால் ஸ்டீராய்டு கலக்காத குளோட்ரிமசோல் மாதிரியான க்ரீமை ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை தடவுங்கள், மறைந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் விடாதீர்கள். துண்டைத் தனியாக வையுங்கள், வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா என்றும் கேளுங்கள். தலையிலோ நகத்திலோ வந்திருந்தால் க்ரீம் போதாது, டாக்டர் எழுதித் தரும் மாத்திரைதான்.