கடலில் ஓடிய படகை அணைக்கு வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி மாவட்டத்தில் விசைப்படகு தேவைப்படுவோர் சிலரே. ஒகேனக்கல்லின் பாறை இடுக்குகளில் இன்றும் பரிசல்தான் ஓடுகிறது. அங்கே மோட்டாருக்கு வேலையில்லை. ஆனால் காவிரி மேட்டூர் நீர்த்தேக்கமாக விரியும் ஒட்டனூர், நாகமரைப் பகுதிகளில் அக்கரைக்கு ஆள் ஏற்றுவதற்கும், அணைகளில் மீன்பிடிப்பதற்கும் படகு வேண்டியிருக்கிறது. புதியதன் விலை கட்டுப்படியாகாதவர்கள் கடலூர், நாகப்பட்டினம் என்று கடற்கரை ஊர்களுக்குப் பழைய படகு தேடிப் போகிறார்கள். போகிறவர்கள் பழைய டிராக்டர் வாங்கிப் பழகிய கண்ணோடு படகைப் பார்ப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தொடக்கம். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டு, பெயின்டைத் தடவிப் பார்த்து விலை பேசிவிடுகிறார்கள். படகை அழிக்கும் கோளாறுகளோ இந்த இரண்டிலும் தெரிவதில்லை.

முதலில் பார்க்க வேண்டிய இடம் அமரம், அதாவது படகின் பின்புறம். ஃபைபர் படகு முழுக்க ஃபைபர் என்று நினைத்துவிடக் கூடாது. இயந்திரத்தைத் தாங்கும் பின்சுவரின் உள்ளே பெரும்பாலும் ப்ளைவுட் பலகை இருக்கும். அதன் இருபுறமும் ஃபைபர் பூசி மூடியிருப்பார்கள். இயந்திரத்தை மாட்டத் துளைத்த போல்ட் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கினால், வெளிப்பூச்சு கண்ணாடி போல் மின்னிக்கொண்டிருக்கும்போதே உள்ளே பலகை மக்கிப் போயிருக்கும். சுத்தியலின் மரப்பிடியால் அந்தச் சுவரை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பாருங்கள்: நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், மக்கிய இடம் மொத்தென்று ஒலிக்கும். பிறகு இயந்திரத்தின் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்து, சுவர் வளைகிறதா, போல்ட் ஓரங்களில் பழுப்பு நீர் கசிகிறதா என்று கவனிக்க வேண்டும். இதைச் செய்ய விடாத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேசுவது வீண். பின்சுவரை அறுத்துப் புதிதாகக் கட்டும் வேலை பெரியது. பல பழைய படகுகளுக்கு அந்தச் செலவு படகின் விலையையே எட்டிவிடும்.

தரைத்தளத்திலும் இதே சோதனை வேண்டும். நடக்கும்போது கால் அமுங்கினால் அடியில் உள்ள கட்டைகள் கெட்டிருக்கின்றன என்று கொள்ளலாம். மிதப்பதற்காக உள்ளே நிரப்பியிருக்கும் நுரை பல ஆண்டுகளில் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடுவதும் உண்டு. அதைக் கண்ணால் காண முடியாது. படகை வண்டியில் ஏற்றி எடைமேடையில் நிறுத்தி, வண்டியின் எடையையும் இயந்திரத்தின் எடையையும் கழித்து, தயாரிப்பாளர் குறித்த வெற்றுப் படகு எடையோடு ஒப்பிடுவது எளிய வழி. கணிசமான வேறுபாடு இருந்தால் அது தண்ணீரின் எடையாகவே இருக்கக்கூடும். புதிதாகப் பெயின்ட் அடித்த படகைக் கண்டால், எதை மறைக்க அடித்தார்கள் என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

இயந்திரத்துக்கு வருவோம். நீங்கள் போய்ச் சேரும் முன்பே அதை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், தொட்டுப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆறிய பிறகு மறுபடி கிளப்பச் சொல்லுங்கள், ஏனெனில் கிளப்புவதில் உள்ள கோளாறு குளிர்ந்த நிலையில்தான் வெளிப்படும். கிளம்பியதும் பக்கவாட்டுத் துளையிலிருந்து குளிர்விக்கும் நீர் சீராகப் பீய்ச்ச வேண்டும். சொட்டினாலோ விட்டுவிட்டு வந்தாலோ உள்ளே இம்பெல்லர் என்னும் ரப்பர் சக்கரம் தேய்ந்திருக்கலாம், அல்லது உப்பு படிந்து நீர்வழி அடைந்திருக்கலாம். முன்னது சிறு செலவு, பின்னது பெருஞ்செலவு. இயந்திரத்தின் கீழ்த் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் கியர் ஆயிலை வெளியே எடுங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் சீல் கெட்டுத் தண்ணீர் புகுந்திருக்கிறது. சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அளவுகள், அதாவது உள்ளே காற்று அமுக்கப்படும் அழுத்தம், ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் மாறுபட்டால் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. தண்ணீர் நிரப்பிய டிரம்மில் ஓட்டிக் காட்டுவது இயந்திரம் கிளம்புகிறது என்பதை மட்டுமே மெய்ப்பிக்கும்; ஆட்களை ஏற்றி, உண்மையான நீரில், முழு வேகத்தில் கால் மணி நேரமாவது ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

எரிபொருளைப் பற்றி ஏனோ யாரும் கேட்பதில்லை. கடற்கரையில் பல இயந்திரங்கள் பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுபவை. கடல் மீனவர்களுக்கு அரசு மானிய மண்ணெண்ணெய் தருவதால் அது அங்கே கட்டுப்படியாகும். தருமபுரி மாவட்டப் பென்னாகரத்தில் அந்த எண்ணெய்க்கு எங்கே போவீர்கள்? பெட்ரோல் இயந்திரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். படகு இயந்திரத் தயாரிப்பாளர்கள் பலர் பத்து சதவீதம் வரைதான் அனுமதிக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓடாமல் கிடக்கும் படகின் தொட்டியில் அது தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து தங்கிவிடும். பழைய ரப்பர் குழாய்களை வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் எரிபொருளைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்துப் பாருங்கள்.

கடற்படகு நன்னீருக்கு வரும்போது அனோடு கட்டையையும் மாற்ற வேண்டும். உலோகப் பாகங்களுக்குப் பதிலாகத் தான் அரிக்கப்படுவதற்காகவே இயந்திரத்தின் அடியில் அது பொருத்தப்பட்டிருக்கும். கடலில் துத்தநாகம் நன்றாக வேலை செய்யும். நன்னீரில் அதன்மேல் ஒரு படலம் படிந்து அது செயலற்றுப் போவதால், அங்கே மக்னீசியமோ அலுமினியமோதான் பொருந்தும். கட்டை பாதிக்கு மேல் கரைந்தும் மாற்றப்படாமல் இருந்தால், முந்தைய உரிமையாளரின் பராமரிப்பு எப்படிப்பட்டது என்பதும் விளங்கிவிடும்.

நீர் மட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி. கோடையில் அது வெகுவாக இறங்கும்போது நாகமரைக்கு எதிர்க்கரையான பண்ணவாடியில் முழுகிக் கிடக்கும் பழைய கோயிலின் நந்தி வெளியே தெரியும். கல்லும் கட்டடமும் முழுகிக் கிடக்கும் இப்படிப்பட்ட நீரில், பின்சுவர் உயரமான கடற்படகுக்காக, புரொப்பல்லர் வரை இறங்கும் நீண்ட தண்டு பொருத்திய இயந்திரம் அடியில் இடித்துப் புரொப்பல்லரை உடைத்துக்கொள்ளும். உங்கள் படகுத்துறையில் கோடைகால ஆழம் எவ்வளவு என்று அளந்துகொண்டு, அந்த ஆழத்தில் இடிக்காமல் ஓடும் படகைத் தேடுங்கள்; தண்டின் நீளம் படகின் பின்சுவர் உயரத்தோடு பொருந்த வேண்டும்.

ஆவணங்களில் மூன்றைக் கேட்க வேண்டும்: பதிவுச் சான்று, இயந்திரம் வாங்கிய ரசீது, மானியத்தில் பெற்றதா என்ற விவரம். மானியத்தில் கிடைத்த இயந்திரத்தை விற்பதற்கு நிபந்தனைகள் இருக்கக்கூடும். தகட்டில் உள்ள இயந்திர எண் ரசீதோடு பொருந்தாவிட்டாலோ, சுரண்டப்பட்டிருந்தாலோ அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட வேண்டும். கடல் மீன்பிடிப் படகு என்ற பதிவு, அணையில் பயணிகளை ஏற்றும் அனுமதியாகிவிடாது. உள்நாட்டுக் கலன்கள் சட்டம் 2021, இயந்திரத்தால் ஓடும் உள்நாட்டுப் படகுக்கு ஆய்வுச் சான்றும் பதிவும் கேட்கிறது. நீர்நிலையில் படகு விடுவதற்கான அனுமதி தனியாக வேண்டும் என்பதால், வாங்கும் முன்பே நீர்வளத் துறையிலும் மீன்வளத் துறையிலும் கேட்டறிந்துகொள்வது நல்லது.

கடைசியாக, ஏற்றிவரும் வழி. லாரியின் தட்டையான தளத்தில் இரண்டு மரக்கட்டைகளை மட்டும் வைத்து ஏற்றினால், தொப்பூர்க் கணவாயின் வளைவுகளிலும் ஏற்றத்திலும் முழு எடையும் அந்த இரண்டு கோடுகளில் விழுந்து அடிப்பகுதியில் வெடிப்பு விழும். மணல் மூட்டைகளையோ பழைய டயர்களையோ அடி முழுதும் அணைத்து அடுக்கி, இயந்திரத்தைக் கழற்றித் தனியாக நிமிர்த்திக் கட்டி, அகன்ற நாடாவால் படகை இறுக்க வேண்டும். மெல்லிய கயிறு ஓரங்களை அறுக்கும்.