கார் வாங்க வந்தவர் பின்வாங்கினால் அட்வான்ஸ் யாருக்கு?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர் புதுச்சேரி அரியாங்குப்பம் வந்து உங்கள் பழைய காரைப் பார்க்கிறார், ஓட்டிப் பார்க்கிறார். பேரம் 4,20,000 ரூபாயில் படிகிறது. அங்கேயே நின்று 20,000 ரூபாயை யுபிஐயில் அனுப்புகிறார். நாலு நாள் கழித்து போன் வருகிறது: "சார், வீட்டுல வேண்டாங்கறாங்க. அட்வான்ஸைத் திருப்பிப் போட்டுடுங்க."

"வேண்டாம்னு போனா அட்வான்ஸ் போச்சு, அதுதானே வழக்கம்" என்று விற்பவர் முடிவு கட்டுவது முதல் தவறு. "வண்டியை எடுக்கவே இல்லையே, முழுசா கொடுங்க" என்று வாங்க வந்தவர் நிற்பதும் அதே அளவுக்குத் தவறுதான். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் கேட்பது வேறு கேள்வி: பேச்சை முறித்ததால் மற்றவருக்கு உண்மையில் எவ்வளவு நஷ்டம்? 73-ஆம் பிரிவு அந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்க வழி விடுகிறது. முறித்தால் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டிருந்தாலும், அந்தத் தொகைக்கு மேல் போகாமல் நியாயமான ஈடுதான் கிடைக்கும் என்கிறது 74-ஆம் பிரிவு.

1963-இல் ஒரு சொத்து விற்பனை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அச்சாரமாகக் கொடுத்த 1,000 ரூபாயை விற்றவர் வைத்துக்கொள்ளலாம், விலையின் ஒரு பகுதியாக வாங்கிய 24,000 ரூபாயை நஷ்டத்தைக் காட்டாமல் வைத்துக்கொள்ள முடியாது என்றது. 2012-இல் இன்னொரு வழக்கு. 70 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 7 லட்சம் அச்சாரம். முறித்தால் அது போய்விடும் என்று ஒப்பந்தத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதியிருந்ததால் விற்பவர் பக்கம் தீர்ப்பானது. இரண்டும் வீடு, நிலம் பற்றியவை என்றாலும் ஒப்பந்தச் சட்டம் காருக்கும் அதேதான். புதுச்சேரிக்கு ஒன்று, கடலூருக்கு ஒன்று என்று கிடையாது.

அப்படி எதுவும் எழுதிக்கொள்ளாத நம் கணக்குக்கு வருவோம். அவர் போன பிறகு அதே காரை ஒரு வாரத்தில் வேறொருவர் 4,20,000-க்கே எடுத்துக்கொண்டால் உங்கள் நஷ்டம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. 4,10,000-க்குத்தான் போனது என்றால் 10,000 ரூபாய் நஷ்டம். அவர் கேட்டார் என்பதற்காகவே இன்ஷூரன்ஸைப் புதுப்பித்தீர்கள், டயர் மாற்றினீர்கள் என்றால் அதையும் சேர்க்கலாம். ஆனால் அடுத்து வாங்குபவர் அந்தச் செலவுக்கும் சேர்த்து விலை கொடுத்துவிட்டால் இரண்டு தடவை எடுக்கக்கூடாது. "மனசு கஷ்டமாயிடுச்சு" என்பதற்கு ரேட் கிடையாது. வேண்டுமென்றே மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு விலை இறங்கிப்போச்சு என்று சொல்வதும் எடுபடாது. நஷ்டத்தைக் குறைக்க வழி இருந்ததா என்று 73-ஆம் பிரிவே பார்க்கச் சொல்கிறது.

என்னைக் கேட்டால், சில ஆயிரம் ரூபாய் அட்வான்ஸில் இவ்வளவு கணக்கு வேண்டாம். 2,000, 5,000 என்றால் வண்டியைப் பிடித்து வைத்ததற்கான தொகை என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளலாம். 50,000, 1 லட்சம் வாங்கிவிட்டு அதையும் அப்படியே அமுக்கப் பார்ப்பதுதான் சண்டையில் முடிகிறது. பெரிய அட்வான்ஸ் வாங்கினால் ஆள் ஓடமாட்டார் என்று நினைக்கிறோம். ஓடமாட்டார்தான், வக்கீலோடு வந்து நிற்பார்.

இந்தக் கணக்கெல்லாம் அவர் தன்பாட்டுக்குப் பின்வாங்கினால் மட்டும்தான். காரணம் உங்கள் பக்கம் இருந்தால் கணக்கே வேறு, அதைப் பலரும் யோசிப்பதில்லை. ஆர்.சி.யில் லோன் கொடுத்த பேங்க் பெயர் இன்னும் நீக்கப்படாமல் இருக்கிறது, நீங்களோ "லோன் எல்லாம் முடிஞ்சுது" என்று சொல்லியிருக்கிறீர்கள். அல்லது 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ரெயின்போ நகரில் வண்டி தண்ணீரில் நின்றது. அவர் கேட்டபோது "தண்ணியே பட்டதில்லை" என்றீர்கள். மெக்கானிக் சீட்டைக் கழற்றிப் பார்த்து, அடியில் துருவையும் சேற்றுக் கறையையும் காட்டிவிட்டார். பொய்யை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய அவருக்கு உரிமை உண்டு. முழுப் பணத்தையும் அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். அவர் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை என்றால் சட்டம் விற்பவருக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும். அந்த இடத்தில் ஒளிந்துகொள்ள வேண்டாம் என்பேன்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு தகராறும் உண்டு. புதுச்சேரியின் PY-01 வண்டி எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் வேறு மாநிலம். கடலூர்க்காரர் அதை TN-31 ஆக்க வேண்டுமானால் 28-ஆம் படிவத்தில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும், தமிழ்நாட்டில் வரி கட்ட வேண்டும். வேறு மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் மறுபதிவு கட்டாயம். இந்தச் செலவு அட்வான்ஸ் கொடுத்த பிறகு தெரியவந்து எத்தனையோ பேர் பின்வாங்குகிறார்கள். கேட்காமல் வந்தது அவர் தவறு. "அதெல்லாம் யாரும் பார்க்கமாட்டாங்க, அப்படியே ஓட்டலாம்" என்று நீங்கள் சொல்லியிருந்தால் தவறு இடம் மாறிவிடும். பேரம் பேசும்போதே வரியைச் சொல்லிவிடுவது நல்லது, விலையில் ஆயிரம் ரெண்டாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை.

சரி, எழுதி வாங்குவது? வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், ஆனால் நாளைக்கு நிரூபிப்பது யார்? முத்திரைத்தாளைத் தேடி அலைய வேண்டாம். பணம் வந்தவுடன் ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டு அவரிடம் "சரி" என்று பதில் வாங்கினால் போதும். வண்டி எண், பேசிய விலை, வாங்கிய தொகை, மீதியைக் கொடுத்து வண்டியை எடுக்க வேண்டிய தேதி, எடுக்காவிட்டால் எவ்வளவு போகும், நீங்கள் மனம் மாறினால் என்ன கொடுப்பீர்கள். இந்தக் கடைசி விஷயத்தை விற்பவர்கள் எழுதுவதே இல்லை. அட்வான்ஸ் வாங்கிய பிறகு கூடுதலாக 15,000 தருகிறேன் என்று இன்னொருவர் வந்தால் சபலம் யாருக்கும் வரும், அதனால்தான் எழுதச் சொல்கிறேன். லோன் கிடைத்தால்தான் எடுப்பேன் என்று அவர் சொன்னால் அதையும் எழுதுங்கள், கிடைக்காவிட்டால் திரும்பக் கொடுப்பதா பிடிப்பதா என்பதோடு. ஆனி கடைசியில் அட்வான்ஸ் கொடுப்பவர் ஆடியில் வண்டி எடுக்கமாட்டார், எடுக்கும் தேதி ஆவணிக்குப் போய்விடும். அத்தனை நாள் காத்திருக்க இஷ்டமா என்று முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

தேதி தாண்டிவிட்டது, ஆள் போன் எடுக்கவில்லை. உடனே வேறொருவருக்கு விற்றுவிட்டால், "நான் வரத்தானே இருந்தேன்" என்று முதலாமவர் வந்து நிற்பார். "இன்ன தேதிக்குள் மீதியைக் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன்" என்று எழுத்தில் அனுப்பி, அந்த அவகாசம் முடிந்த பிறகு விற்றால் உங்கள் கை சுத்தம்.

அட்வான்ஸ் வாங்கியதுமே அசல் ஆர்.சி.யையும் பெயர் மாற்றத்துக்காகக் கையெழுத்துப் போட்ட 29, 30-ஆம் படிவங்களையும் கொடுத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். இடையில் புரோக்கர் இருந்தால் இது இன்னும் சகஜம். முழுப் பணம் வரும்வரை நகல் மட்டும் போதும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? படிவங்கள் கைக்கு வந்த பிறகு பணத்தைத் திருப்பிப் போடுங்கள்.

தகராறு முற்றினால் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சொந்த வண்டியை விற்கும் தனிநபர் வியாபாரி இல்லை, அதனால் பொதுவாக அங்கே வழி இல்லை. ஏமாற்று வேலை இல்லாதவரை போலீஸும் இதை சிவில் என்றுதான் சொல்வார்கள். சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் உண்டு, ஆனால் 20,000 ரூபாய்க்கு அதில் இறங்குபவர் ரொம்பக் குறைவு. பாதிக்குப் பாதி பேசித் தீர்ப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

திருப்பிக் கொடுக்கும்போதும் கவனம் வேண்டும். பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்குத்தான் போக வேண்டும். "மச்சான் நம்பருக்குப் போடுங்க" என்றால் முடியாது என்று சொல்லிவிடுங்கள், வந்தது திருட்டுப் பணமாக இருந்தால் உங்கள் கணக்குத்தான் முடங்கும். அட்வான்ஸைச் செக்காகக் கொடுத்துவிட்டு மறுநாளே பின்வாங்கி, பணத்தை ஜிபேயில் கேட்பது பழைய தந்திரம். செக் உண்மையில் பாஸ் ஆகியிருக்கிறதா என்று பேங்கில் கேளுங்கள். போனில் வரும் எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்ப வேண்டாம். அனுப்பும்போது குறிப்பில் வண்டி எண்ணையும் "அட்வான்ஸ் திருப்பியது" என்பதையும் போடுங்கள். எவ்வளவு பிடித்தீர்கள், எதற்குப் பிடித்தீர்கள் என்பதைத் தனியாக ஒரு செய்தியில் அனுப்பி "கணக்கு முடிந்தது" என்று அவரிடம் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.