ஊசியிலிருந்து இறக்கிவிட்டால் ஸ்வெட்டர் முடிந்துவிட்டதா?

முதல் ஸ்வெட்டரைப் பின்ன எனக்கு மூன்று வாரம் ஆனது, கெடுக்க ஒரே ராத்திரி போதுமாக இருந்தது. குன்னூரில் இருக்கும் அக்கா மகனுக்கு மறுநாள் பிறந்தநாள், அவசரத்தில் கடைசி வரிசையை இறுக்கி முடித்து, நூல் நுனிகளையெல்லாம் முடிச்சுப் போட்டு ஒட்ட நறுக்கி எடுத்துக்கொண்டு போனேன். காலையில் போட்டால் காது வரைக்கும் வந்து நின்றுவிட்டது, தலை நுழையவில்லை. அவன் அழுத அழுகை இருக்கிறதே!

நான் பின்னியது முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் ஒரே மாதிரி நேர்த்துண்டு, கூட இரண்டு கை. புதிதாகக் கற்பவர்களுக்கு இதுதான் சுலபம், அதை வைத்தே சொல்கிறேன்.

காஸ்ட் ஆஃப் (கடைசி வரிசையை மூடி ஊசியிலிருந்து இறக்குவது)

4 மி.மீ. ஊசியில் பின்னிக்கொண்டிருந்தால் கடைசி வரிசைக்கு வலது கையில் மட்டும் 5 மி.மீ. ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். இரண்டு கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) பின்னுங்கள். அதில் முதலில் பின்னியதை இடது ஊசியின் நுனியால் தூக்கி, இரண்டாவதைத் தாண்டவைத்து, ஊசியிலிருந்து நழுவவிடுங்கள். வலது ஊசியில் ஒரு கண்ணிதான் மிச்சம் இருக்கும். இன்னொன்று பின்னி மறுபடி அதேபோல. கழுத்து ரிப் பின்னலாக, அதாவது நிட் (நேர்க்கண்ணி), பர்ல் (மறுபக்கக் கண்ணி) இரண்டும் மாறி மாறி வரும் பின்னலாக இருந்தால் நிட் வரும் இடத்தில் நிட், பர்ல் வரும் இடத்தில் பர்ல் பின்னியபடியே தாண்டவையுங்கள். பத்துக் கண்ணிக்கு ஒருமுறை ஓரத்தை இழுத்துப் பாருங்கள், கீழே இருக்கும் பின்னல் விரியும் அளவுக்கு ஓரமும் விரிய வேண்டும். விரியவில்லையா, வெட்கப்படாமல் பிரித்துவிடுங்கள். கடைசிக் கண்ணி வந்ததும் நூலை ஒரு சாண் விட்டு வெட்டி அதற்குள் நுழைத்து இழுத்தால் சரி.

நூல் நுனிகள்

முடிச்சு வேண்டாம். உள்பக்கம் உருண்டையாக உறுத்தும், இரண்டு துவைப்பில் வெளிப்பக்கம் எட்டிப் பார்க்கும். முனை மழுங்கிய, காது பெரிய ஊசியில் நுனியைக் கோத்து, உள்பக்க மேடுகளுக்குள் 5, 6 செ.மீ. ஓட்டி, அப்புறம் எதிர்த்திசையில் கொஞ்சம் திரும்பி வாருங்கள். துணியை ஒருமுறை இழுத்துவிடுங்கள். இப்போதே நறுக்காதீர்கள், துவைத்துக் காய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். துண்டுகளை இணைக்க உதவும் நீள நுனிகளை அப்படியே தொங்கவிடுங்கள்.

நனைத்து வடிவத்துக்குக் கொண்டுவருவது

முதலில் உங்கள் நூல் நிஜக் கம்பளியா அக்ரிலிக்கா என்று தெரிய வேண்டும், கடையில் எல்லாவற்றையும் "உல்லன்" என்றுதான் தருவார்கள். விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்து, சிங்க் மேல் வைத்துக் கொளுத்துங்கள். முடி கருகிய வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகி, ஆறிய பின் கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டால் அக்ரிலிக்.

கம்பளி என்றால் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் ஊறவிடுங்கள். வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கி அட்டை மாதிரி ஆகிவிடும், திரும்பாது. பிழியாமல் ஒரு குளியல் துண்டில் வைத்துப் பாய் போலச் சுருட்டி, மேலே ஏறி மிதியுங்கள் (எனக்குப் பிடித்த கட்டம் இதுதான்). பிறகு பழைய யோகா மேட்டில் விரித்து, டேப் வைத்து முன்னும் பின்னும் ஒரே அளவா என்று பார்த்து, துருப்பிடிக்காத குண்டூசியால் குத்தி, நிழலில் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் தண்ணீர் கனத்தில் நீண்டுவிடும்.

அக்ரிலிக் இந்த அளவுக்கு வளைந்து கொடுக்காது, துவைத்துச் சமமாக விரித்தால் போதும். இஸ்திரிப் பெட்டியை மட்டும் அதன் மேல் வைத்துவிடாதீர்கள். சூடு பட்டால் நூல் துவண்டு, இழுவை போய்விடும்.

இணைப்பது

தோள், அப்புறம் கை, கடைசியில் பக்கவாட்டு ஓரங்கள். பக்கவாட்டுக்கு இரண்டு துண்டையும் வெளிப்பக்கம் மேலே தெரிய அருகருகே வையுங்கள். ஓரத்திலிருந்து முதல் கண்ணிக்கும் இரண்டாவது கண்ணிக்கும் நடுவில் லேசாக விரித்துப் பார்த்தால் ஏணிப்படி மாதிரி குறுக்கே நூல் தெரியும். இடது துண்டில் இரண்டு படிக்கு அடியில் ஊசி, வலது துண்டில் இரண்டு படிக்கு அடியில் ஊசி என்று மாறி மாறி, 3 செ.மீ. வரை தளர்வாகவே கோத்துக்கொண்டு போய், பிறகு நூலை மெதுவாக இழுங்கள். ஜிப் மூடுவது போல இரண்டும் சேர்ந்துகொள்ளும், தையல் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். ரொம்ப இழுத்தால் சுருக்கம் விழும்.

எல்லாம் முடிந்தும் தலை நுழையவில்லை என்றால், நான் செய்த மாதிரி ஒரு தோளைப் பிரித்து, பின்துண்டின் ஓரத்தில் நூலால் இரண்டு வளையம் போட்டு, முன்துண்டில் பட்டன் வைக்கலாம். பட்டனைக் கம்பளி நூலில் தைக்காமல் கெட்டியான தையல் நூலில் தைத்து, பல்லால் இழுப்பது போல இழுத்துச் சோதியுங்கள். அக்கா மகன் ஸ்வெட்டரைப் போட்டதும் முதலில் செய்தது அதைத்தான்.