கவாத்துக்கு முன் தேயிலை வேரில் மாவுச்சத்து இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

டார்ஜிலிங் தேயிலை குளிர்காலத்தில் தூங்கிவிட்டு மார்ச் வாக்கில் முதல் கொழுந்து விடுகிறது. அதற்குக் கைகொடுப்பது செடி சேர்த்து வைத்த மாவுச்சத்து. நீலகிரியில் அவ்வளவு நீண்ட தூக்கம் இல்லை. ஆனால் கவாத்து, அதாவது செடியின் கிளைகளைக் குறைத்து வெட்டுவது, முடிந்ததும் நம் செடிக்கும் அதே நிலைதான். இலையே இருக்காது, புதுத் துளிரின் இலை முற்றும்வரை வேரில் உள்ள இருப்புதான் சாப்பாடு. இருப்பு குறைந்த செடியை வெட்டினால் கிளைகள் நுனியிலிருந்து காயும், சில செடிகள் செத்தே போகும்.

தேவையானவை: டிங்சர் அயோடின், கவாத்துக் கத்தரி, தண்ணீர், ஒரு உருளைக்கிழங்கு. அயோடின் களிம்பு வேண்டாம்.

1. மாவுச்சத்தில் அயோடின் பட்டால் கருநீலமாகும். மாவுச்சத்து உள்ள கிழங்கை நறுக்கி ஒரு சொட்டு விடுங்கள். கருநீலம் வரவில்லையா? அயோடின் பழசு, வேறு வாங்குங்கள்.

2. மேட்டில், பள்ளத்தில், சோர்ந்த இடத்தில் என்று சில செடிகளைத் தேர்ந்தெடுத்து, பென்சில் தடிமனுள்ள வேர் ஒவ்வொன்று எடுங்கள். சல்லிவேர் உதவாது.

3. மண் போகக் கழுவி, கத்தரியால் குறுக்கே வெட்டுங்கள். கத்தியைவிடக் கத்தரிதான் என் கட்சி. வெட்டுமுகத்தில் அயோடின் தடவி, சில நிமிடம் விட்டு, தண்ணீரில் அலசுங்கள்.

4. நான் அதிகம் குழம்பியது இங்கேதான். முகம் முழுதும் கறுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மாவுச்சத்து தங்குவது நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் மெல்லிய கதிர்களில். அதனால் வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி கருநீலக் கோடுகள் தெரியும். கோடுகள் நெருக்கமாக, அடர்த்தியாக இருந்தால் வெட்டலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தாலோ, வெறும் மஞ்சள் பழுப்பாக இருந்தாலோ பொறுங்கள். அலசாமல் பார்த்தால் இந்த வித்தியாசமே தெரியாது.

இருப்பு குறைவென்றால் 4 முதல் 6 வாரம் கொழுந்து பறிக்காமல் விட்டு, மறுபடி சோதியுங்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றால் ஓரத்தில் ஒன்றிரண்டு கிளைகளை இலையோடு விட்டுவிட்டு, புதுத் துளிர் நன்றாக வந்தபின் அவற்றை எடுங்கள்.

பின்சேர்க்கை: பட்டை கறுப்பாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். பட்டையை விட்டுவிடுங்கள், உள்ளே இருக்கும் கட்டையை மட்டும் பாருங்கள். உரம் போட்டு இருப்பை ஏற்றலாமா என்று இன்னொருவர். மாவுச்சத்தைச் செய்வது இலை. அந்த நேரத்தில் யூரியா கொட்டினால் செடி துளிர்விட்டு, இருப்பதையும் செலவழித்துவிடும்.