வைமார் போறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

ஜெர்மனில வைமாருக்கு போறவங்க நிறைய பேர் ஜெர்மன் கவிஞர்கள் கதே, ஷில்லர் வீடு, பௌஹவுஸ்ங்கிற கலை, வடிவமைப்புப் பள்ளியோட மியூசியம்னு நாள் பூரா சுத்திட்டு, டைம் இருந்தா சாயங்காலம் பூஹன்வால்ட் எட்டிப் பாத்துக்கலாம்னு பிளான் போடுறாங்க, அதான் பெரிய தப்பு. அந்த நாஜி வதைமுகாம் ஊர்லருந்து சுமார் 8 கிலோமீட்டர்ல எட்டர்ஸ்பெர்க் மலை மேல இருக்கு. 1937லருந்து 1945 வரைக்கும் கிட்டத்தட்ட 2,80,000 பேர அங்க அடைச்சு வச்சாங்க, சுமார் 56,000 பேர் செத்துப் போனாங்க. அரை நாளாவது ஒதுக்குங்க. ஸ்டேஷன்லருந்து 6ம் நம்பர் பஸ், ஆனா போர்டுல பூஹன்வால்ட்னு இருக்கானு பாத்து ஏறுங்க. நுழைவுக் கட்டணம் கிடையாது, திங்கக்கிழமை மட்டும் கண்காட்சி எல்லாம் பூட்டியிருக்கும்.

ஊர் வேற, முகாம் வேறன்னு நினைக்கிறதும் தப்புங்க. இரும்பு கேட்ல "அவனவனுக்கு உரியது அவனவனுக்கு"ங்கிற அர்த்தத்துல ஜெர்மன்ல எழுதியிருக்கும், அதுவும் உள்ள நிக்கிற கைதி படிக்கிற மாதிரி உள்பக்கம் பாத்து. அந்த எழுத்த வரைஞ்சவர் பௌஹவுஸ்ல படிச்ச ஃபிரான்ஸ் எர்லிஷ், அவரே அங்க கைதி! கதே பேர்ல சொல்ற ஓக் மரத்தோட அடிக்கட்டையும் முகாமுக்குள்ளதான் இருக்கு. முகாம்ல செத்தவங்கள 1940 வரைக்கும் எரிச்சது வைமார் நகராட்சி எரியூட்டு நிலையத்துலதான். ஆனா 1945 ஏப்ரல்ல அமெரிக்க ராணுவம் ஊர்க்காரங்க சுமார் ஆயிரம் பேர மேல கூட்டிட்டு போய் காட்டினப்ப, எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு பல பேர் சொன்னாங்க.

கேட்ட தாண்டினா கைதிங்க தங்கின பாரக் கொட்டகைங்க கிட்டத்தட்ட எதுவும் இல்ல, பெரும்பாலும் வெறும் சரளைக்கல் மைதானம்தான், அதப் பாத்துட்டு ஒண்ணுமே இல்லையேன்னு உடனே திரும்பிடாதீங்க. தரையில பதிச்ச ஒரு உலோக நினைவுத் தகட்ட தேடிப் பாருங்க, 1995ல வச்சது, மனுஷ உடம்பு சூடான 37 டிகிரிலயே வருஷம் பூரா வச்சிருக்காங்க. நான் போனப்ப சுத்தி பனி, அந்தத் தகடு மட்டும் ஈரமா இருந்துச்சு, குனிஞ்சு கை வச்சேன், யாரோ ஒருத்தர் நெஞ்சுல கை வச்ச மாதிரியே இருந்துச்சு, எடுக்கவே மனசு வரல.

எரியூட்டு அடுப்பு முன்னாடி செல்ஃபி வேண்டாம் ப்ளீஸ். விளையாட்டுக்குக்கூட நாஜி சல்யூட் அடிச்சிடாதீங்க, ஜெர்மனில அது குற்றம், மூணு வருஷம் வரை ஜெயில் தண்டனை இருக்கு.

1945க்கு அப்புறம் கதை முடிஞ்சதுன்னும் நினைக்காதீங்க, சோவியத் காரங்க 1950 வரைக்கும் அதே இடத்த சிறை முகாமா வச்சிருந்தாங்க, அதுலயும் 7,000 பேருக்கு மேல செத்தாங்க. அவங்களப் புதைச்ச இடத்துல, பின்பக்க காட்டுக்குள்ள, மரங்களுக்கு நடுவுல இரும்புக் கம்பம் கம்பமா நட்டு வச்சிருக்காங்க, அங்கயும் நடந்து போய்ட்டு வாங்க.